கல் உங்களுடையது, கைவேலை அவருடையது

ரத்தினக் கல்லைப் பற்றி எழுதும் வாசகர்கள் பெரும்பாலும் வாங்குவதைப் பற்றியே கேட்பார்கள். இம்முறை வந்த கடிதங்கள் வாங்கிய பிறகு வரும் சிக்கல்களைப் பற்றியவை. ஓரிடத்தில் வாங்கிய கல்லை இன்னொரு கடையிலோ பட்டறையிலோ நகையாகப் பதிக்கக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? தேர்ந்தெடுத்த கேள்விகளுக்குப் பதில் இங்கே.

கேள்வி: என் தம்பி இலங்கை போயிருந்தபோது ரத்தினபுரியில் ஒரு நீலக்கல் வாங்கி வந்து எனக்குக் கொடுத்தான். மூன்று கேரட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மோதிரமாகச் செய்ய, வழக்கமாக நகை எடுக்கும் கடைக்கே போனோம். “வெளியில் வாங்கிய கல்லுக்கு நாங்கள் பொறுப்பில்லை” என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். பொறுப்பில்லை என்பவர்களிடம் எப்படி நம்பிக் கொடுப்பது? கல்லை மாற்றிவிட்டால் எனக்குத் தெரியுமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் பயமும் நியாயம், கடைக்காரர் பயமும் நியாயம். அவர் பயத்தை முதலில் பார்ப்போம். உங்கள் பயம் தீரும் வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நாம் துணி எடுத்துக் கொடுத்துத் தையற்கூலி தருவது போன்ற ஏற்பாடு இது. துணி வீணானால் அதே கடையில் இன்னொரு மீட்டர் வாங்கிவிடலாம். இயற்கை நீலக்கல்லில் ஒன்றைப் போல இன்னொன்று கிடைக்காது. கல்லை விற்ற லாபம் வேறொருவருக்குப் போய்விட்டது. இவருக்கு வருவது பதிப்புக் கூலி மட்டும். அந்தக் கூலிக்காகக் கல்லின் முழு விலைக்கும் அவர் பிணை நிற்க வேண்டும். உள்ளே ஏற்கெனவே ஒரு விரிசல் ஓடியிருந்து, பதிக்கும்போது அது பிளந்தால் பழி அவருக்கு. நீங்கள் கொண்டுபோனதே செயற்கைக் கல்லாக இருந்து, அதைப் பின்னால் வேறு யாராவது சொன்னால், “மாற்றிவிட்டார்” என்ற கெட்ட பெயரும் அவருக்கு. இது வெறும் கற்பனை இல்லை. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னோய் 1902-இல் அறிவித்த முறையில் உலையில் வளர்க்கும் செயற்கை மாணிக்கமும் நீலமும் நூறு வருஷத்துக்கு மேலாகச் சந்தையில் இருக்கின்றன. சுரங்கம் இருக்கும் ஊரில் விற்கும் கல்லெல்லாம் அந்தச் சுரங்கத்தில் எடுத்தது ஆகிவிடாது.

ஆகவே மோதிரத்தைப் பற்றி யோசிக்கும் முன் கல்லைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். தம்பி வாங்கும்போதே இலங்கையின் தேசிய மாணிக்கக்கல், ஆபரண அதிகாரசபையில் காட்டிச் சான்றிதழ் வாங்கியிருந்தால் நல்லது. இல்லையென்றால் ஜெய்ப்பூர், மும்பை நகரங்களில் நம்பகமான கூடங்கள் இருக்கின்றன. சான்றிதழில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: எடை, மில்லிமீட்டரில் அளவு, இயற்கையா செயற்கையா, என்ன பக்குவம் செய்யப்பட்டது. “சூடேற்றப்பட்டது” என்று வந்தால் மனம் உடையாதீர்கள். இலங்கையில் கெவுடா என்று சொல்லும் பால் போன்ற கற்களை உலையில் சூடேற்றி நீலம் வரவைப்பது வெகுநாளாக நடப்பது. சூடேற்றாத கல்லுக்கு விலை அதிகம், அவ்வளவுதான். பதிப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

அடுத்தது, உங்கள் கல்லை நீங்களே அடையாளம் தெரிந்துகொள்வது. பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளில் கல்லின் தட்டையான முகம் கீழே வரும்படி கவிழ்த்து வைத்து, மேலிருந்து பாருங்கள். இலங்கை நீலத்தில் பல சமயம் நிறம் கல் முழுக்கப் பரவியிருக்காது. ஒரு மூலையிலோ அடிக்கூரிலோ நீலம் திட்டாகத் தங்கியிருக்கும். மற்ற இடம் கிட்டத்தட்டத் தண்ணீர் போல இருக்கும். திருப்பி நேராகப் பார்த்தால் அந்த ஒரு திட்டு கல் முழுவதையும் நீலமாகக் காட்டும். பத்து மடங்கு பெருக்கும் லூப் வழியாகப் பார்த்தால் மெல்லிய ஊசிகள் போன்ற பட்டு, கைரேகை போல வளைந்த கோடுகள் தென்படலாம். இந்த நிறத்திட்டையும் கோடுகளையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். இதே அமைப்பில் இன்னொரு கல்லைத் தேடிப் பிடித்து மாற்றிவைப்பது நடக்காத காரியம்.

நிறத்திட்டு இருக்கும் இடம் தெரிந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. இலங்கைக் கற்களை எடை குறையாமல் பட்டை தீட்டுவார்கள். அதனால் அடிவயிறு பருத்து, கூர் ஒரு பக்கம் தள்ளி இருக்கும். கடையில் இருக்கும் ரெடிமேட் மோதிரத்தில் அது உட்காராது. “அடியைக் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளலாமா?” என்று கேட்பார்கள். நிறம் அடிக்கூரில் இருந்தால், தேய்த்த பிறகு கல் வெளிறிப்போகும். “கல்லின் அளவுக்குக் கூட்டைச் செய்யுங்கள், கூட்டின் அளவுக்குக் கல்லைத் தேய்க்காதீர்கள்” என்று முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்தக் கையெழுத்து. “பொறுப்பில்லை” என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று விஷயங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பிரியுங்கள். கல்லின் தரத்துக்கும் இயல்புக்கும் கடை பொறுப்பில்லை என்றால் அது சரி, கையெழுத்துப் போடுங்கள். கல் தொலைந்தாலும் மாறினாலும் பொறுப்பில்லை என்றால் போடாதீர்கள். கையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது அவர் கடமை. மூன்றாவது, பதிக்கும்போது உடைந்தால் என்ன செய்வது என்பது. இதை இரு தரப்பும் வாய்விட்டுப் பேசி எழுத வேண்டும். சான்றிதழைக் காட்டி, விரிசல் எங்கே இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து லூப்பில் பார்த்து, அதைத் தாளில் குறித்துக்கொண்டால் பிறகு வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

ரசீதில் “ஒரு நீலக்கல்” என்று மட்டும் எழுதினால் பிரயோஜனம் இல்லை. “நீலக்கல் ஒன்று, நீள்வட்டம், 3.12 கேரட், 9.1 × 7.6 × 5.3 மி.மீ., சான்றிதழ் எண் இன்னது, ஓரத்தில் சிறு சில்லு இல்லை” என்கிற அளவுக்கு இருக்க வேண்டும். எடையை உங்கள் கண் முன்னால் கேரட் தராசில் போடச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது நிறத்திட்டையும் கோடுகளையும் படத்தோடு ஒப்பிடுங்கள். ஏதாவது தகராறு வந்து நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தாலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், பேசப்போவது இந்தத் தாள்தான்.

கல்லை வாரக்கணக்கில் கடையில் விட்டுவைக்கவும் வேண்டாம். கூட்டை அளந்து செய்ய ஒருமுறை, பதிக்க ஒருமுறை, அவ்வளவே தேவை. இடையில் கல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். கூடு தயாரான பின், “பதிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாமா?” என்று கேளுங்கள். நல்ல பதிப்பாளர் மறுக்க மாட்டார்.

கேள்வி: இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கண்காட்சியில் பெரிய மாணிக்கம் ஒன்று மலிவாகக் கிடைத்தது. தெரிந்த இடத்தில் மோதிரமாகச் செய்துகொண்டேன். இப்போது விரலுக்கு இறுக்கமாக இருக்கிறது என்று அளவு பெரிதாக்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது கல்லில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், அங்கங்கே குழி. கடையில் கேட்டால் “கல்லே அப்படித்தான்” என்கிறார்கள்.
— வாசகி, திருப்பூர்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களும் “பெரியது, மலிவு” என்ற சொற்களும் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்தையே காட்டுகின்றன. விரிசல் மலிந்த மட்டமான மாணிக்கத்தில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கிப் பாய்ச்சிவிடுவார்கள். அந்தக் கண்ணாடிக்குள் ஒளி வளையும் அளவு மாணிக்கத்துக்குக் கிட்டத்தட்டச் சமம் என்பதால் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். 2000-க்குப் பின் இந்தக் கற்கள் சந்தையில் நிறையப் பரவின.

மோதிரத்தைப் பெரிதாக்க வளையத்தை வெட்டி, இடையில் தங்கத் துண்டு வைத்து, பொடி போட்டு ஊதிப் பற்றவைப்பார்கள். பிறகு கறுப்புப் போக அமிலக் கரைசலில் போட்டு எடுப்பார்கள். உண்மையான மாணிக்கம் இரண்டையும் தாங்கும். உள்ளே இருக்கும் ஈயக் கண்ணாடி தாங்காது. சூட்டில் அது இளகி வெளியே வரும். அமிலம் பட்டால் கரைந்து, விரிசல் வெள்ளைக் கோடாக மேலே தெரியும். எலுமிச்சைச் சாறு கூட நாளடைவில் இதை அரிக்கும்.

ஆனால் இன்னொரு சாத்தியமும் உண்டு. வைரத்தைச் சூட்டிலிருந்து காக்கப் பட்டறையில் போரிக் அமிலம் பூசுவார்கள். அதையே பழக்கத்தில் மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் பூசினால் சூட்டில் அது கல்லின் மேற்பரப்பை அரித்துவிடும். வைரத்தைக் காப்பாற்றும் பொருள் மாணிக்கத்தைக் கெடுத்துவிடுகிறது. கல் மேலே மட்டும் மங்கி, உள்ளே தெளிவாக இருந்தால் இதுதான் காரணமாக இருக்கும். மறுபடி மெருகு போட்டால் சரியாகிவிடும். கோடுகள் உள்ளே இறங்கியிருந்தால் கண்ணாடி போய்விட்டது என்று பொருள். அதற்குப் பரிகாரம் கிடையாது.

எது என்பதைப் பரிசோதனைக்கூடத்தில் தெரிந்துகொண்டு பேசுங்கள். கண்ணாடி நிரப்பியது என்று வந்தால் முதல் குற்றம் அதைச் சொல்லாமல் விற்றவருடையது. பற்றவைத்தவர் மேலும் குறை உண்டு. நெருப்பைக் காட்டும் முன் லூப்பில் ஒரு நிமிஷம் திருப்பிப் பார்த்திருந்தால், விரிசலுக்குள் நீல மின்னலும் தட்டையான காற்றுக் குமிழிகளும் கண்ணில் பட்டிருக்கும். இனி எந்தக் கல் மோதிரத்தைப் பழுதுக்குக் கொடுத்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: “கல்லைக் கழற்றிவிட்டுப் பற்றவைப்பீர்களா?” கழற்ற முடியாது என்றால், லேசர் கருவியால் பற்றவைக்கும் இடமாகத் தேடுங்கள். லேசரில் சூடு பற்றுமிடத்தில் மட்டும் நிற்கும்.

கேள்வி: மகளுக்கு மரகத மோதிரம் செய்ய வேண்டும். கல்லை வேறு ஊரில் வாங்கிவிட்டோம். ஜோசியர் கல் விரலில் பட வேண்டும் என்கிறார். கடையில் “மரகதம் சீக்கிரம் உடையும், அடி அடைத்துத்தான் கட்டுவோம்” என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஜாதகம் உங்கள் குடும்பத்து நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. கல்லுக்கு எது நல்லது என்று மட்டும் பார்த்தாலும் அடி திறந்த அமைப்பே சரி. கடைக்காரர் கவலைப்படுவது உடைவதைப் பற்றி. உடையாமல் காப்பது கல்லைச் சுற்றி வரும் தகடு. அடியை மூடுவதால் காவல் அதிகமாகாது. நான்கு புறமும் தகடு அணைத்து, அடியில் திறப்பு விட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஜோசியர் சொன்னதும் நடக்கும், கடைக்காரர் சொன்ன காவலும் கிடைக்கும்.

அடி மூடிய கட்டில் வேறு தொந்தரவும் உண்டு. மூடிய அடியில் பளபளப்புத் தாள் வைத்துக் கல்லின் நிறத்தைத் தூக்கிக் காட்டுவது பழைய பழக்கம். கை கழுவும் தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கித் தாள் கறுத்துவிடும். வெளியில் வாங்கிக் கொடுத்த கல்லென்றால், அடியை மூடிவிட்ட பிறகு அது உங்கள் கல்தானா என்று இரு பக்கமும் பார்த்துச் சரிபார்க்கவும் வழியில்லாமல் போகும்.

மரகதத்தின் கடினம் மோஸ் அளவில் ஏழரை முதல் எட்டு வரை. கீறல் எளிதில் விழாது. ஆனால் அநேகமாக எல்லா மரகதத்துக்குள்ளும் நுண்ணிய விரிசல்கள் உண்டு. அவை தெரியாமலிருக்க தேவதாரு எண்ணெயோ பிசினோ ஊட்டியிருப்பார்கள். இதைக் குற்றமாக நினைக்க வேண்டாம். எவ்வளவு ஊட்டியிருக்கிறது என்று சான்றிதழில் இருந்தால் போதும். கடையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: பற்றவைப்பு, அமிலம், மெருகு எல்லாம் முடிந்து மோதிரம் முழுசாக ஆறிய பிறகே கல் உட்கார வேண்டும். பதித்த பிறகு “கொஞ்சம் பளிச்சென்று ஆக்கித் தருகிறேன்” என்று அல்ட்ராசோனிக் தொட்டியில் போட விடாதீர்கள். அந்த அதிர்விலும் சூட்டிலும் எண்ணெய் வெளியேறி, மறைந்திருந்த விரிசல் அத்தனையும் எழும்பி நிற்கும். வீட்டில் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, பழைய டூத் பிரஷ் போதும்.

கேள்வி: புஷ்பராகம் பதிக்க 22 காரட்டில்தான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். கடையில் 18 காரட் என்று தள்ளுகிறார்கள். அதோடு, கல்லின் எடையையும் தங்கத்தோடு சேர்த்துக் காசு வாங்கிவிடுவார்களோ?
— வாசகர், சேலம்

பதில்: 18 காரட் என்று சொன்னது ஏமாற்றுவதற்காக இருக்க வேண்டியதில்லை. கல்லை எப்படிப் பிடிக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம். அது மிருதுவானது, வளைந்து கொடுக்கும். சுற்றிலும் தகடு அணைக்கும் அமைப்புக்கு அந்த மிருதுவே நல்லது. தகட்டைக் கையாலேயே தேய்த்துக் கல்லின் மேல் படியவைக்கலாம். ப்ராங் என்று கடைகளில் சொல்லும் மெல்லிய கால்கள் மட்டும் கல்லைப் பிடிப்பதென்றால் கதை வேறு. சட்டைப் பையில் மாட்டி, பஸ் கம்பியில் இடித்து, ஒரு கால் நிமிர்ந்தால் போதும், கல் விழுந்துவிடும். அந்த வேலைக்கு 75 சதவீதத் தங்கமும் மீதி செம்பு, வெள்ளி போன்ற உலோகங்களும் கலந்த 18 காரட்டே தாங்கும். தினமும் போடும் மோதிரத்துக்கு 22 காரட்தான் வேண்டுமென்றால் தகடு அணைக்கும் அமைப்பைக் கேளுங்கள்.

எடை விஷயத்தில் உங்கள் கவலை சரியானது. ஐந்து கேரட் கல் என்பது முழுதாக ஒரு கிராம். கல்லோடு நிறுத்துத் தங்க விலை போட்டால், உங்கள் கல்லையே உங்களிடம் தங்க விலைக்கு விற்றதாகிவிடும். பதிக்கும் முன் வெறும் மோதிரத்தை உங்கள் முன்னால் நிறுத்து அந்த எடையைக் குறிக்கச் சொல்லுங்கள். தங்க விலையும் சேதாரமும் அந்த நிகர எடை மேல் மட்டும் வரவேண்டும். பதிப்புக் கூலி தனி வரியாக இருக்கட்டும். ஹால்மார்க் நகைக்கான பில்லில் நிகரத் தங்க எடை, சுத்தம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாகக் காட்டப்பட வேண்டும் என்பது விதி.

2023 ஏப்ரல் 1 முதல், விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. முத்திரை இருக்க வேண்டும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் சுத்தம் தெரியும். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. முடிந்தால் கல் பதிக்கும் முன் வெறும் மோதிரமாகவே முத்திரைக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கல் இன்னொரு இடத்துக்குப் போய்வருவது மிச்சம்.

கேள்வி: பாட்டியின் ஏழுகல் வைரத் தோடு என்னிடம் வந்திருக்கிறது. திருகு தேய்ந்துவிட்டது, தங்கமும் மெலிந்துவிட்டது. கற்களை எடுத்துப் புதிதாகக் கட்டக் கொடுக்கலாமா? பயமாக இருக்கிறது.
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: கொடுக்கலாம். ஆனால் அழிப்பதற்கு முந்தின நாள் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் இரண்டு தோட்டையும் பெரிதாக வரைந்து, பதினான்கு கல்லுக்கும் எண் போடுங்கள். ஒவ்வொன்றிலும் லூப்பில் தெரியும் கறுப்புப் புள்ளி, ஓரச் சில்லு, லேசான மஞ்சள் என்று இருப்பதைக் குறியுங்கள். பழைய பட்டை வெட்டு இன்றைய இயந்திர வெட்டைப் போல ஒரே வட்டமாக இருக்காது. ஒன்று நீண்டிருக்கும், ஒன்று தடித்திருக்கும். அந்த ஒழுங்கின்மைதான் உங்களுக்குப் பாதுகாப்பு. புதுக் கல் ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும்.

அழிப்பதை நேரில் இருந்து பாருங்கள். கல் வெளியே வந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்து, அந்த எடையை உங்கள் படத்தில் அதே எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கட்டிலிருக்கும்போது சொன்ன எடை மதிப்பீடு மட்டுமே. உதிரியாக நிறுப்பதே உண்மையான எடை. பிறகு கற்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். சூடு கடத்துவதை வைத்துப் பார்க்கும் சாதாரண வைரச் சோதனைப் பேனாவை மட்டும் நம்ப வேண்டாம். மொய்சனைட் என்ற செயற்கைக் கல்லையும் அது வைரம் என்றே காட்டும். இதில் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் சொல்லும் கியூபிக் சிர்கோனியா 1970-களின் பிற்பகுதியில்தான் நகைச் சந்தைக்கு வந்தது. மொய்சனைட் வந்ததோ 1990-களின் கடைசியில். பாட்டி கல்யாணத்தில் போட்ட தோட்டில் இவற்றில் ஒன்று இருந்தால், நடுவில் ஏதோ ஒரு பழுதுபார்ப்பில் அது உள்ளே வந்திருக்கிறது. புதிதாகக் கட்டக் கொடுக்கும் முன்பே இதைத் தெரிந்துகொண்டால், பாவம், இப்போது வேலை செய்பவர் மேல் வீண் சந்தேகம் விழாது.

வைரம் உலகிலேயே கடினமான கல் என்பதால் உடையாது என்று நினைக்காதீர்கள். குறிப்பிட்ட திசையில் அடிபட்டால் பிளந்துவிடும். பழைய வைரங்களில் சுற்று விளிம்பு கத்தி போல மெலிந்திருக்கும். பழைய கூட்டை நெம்பும்போதும், புதிய ப்ராங்கை அழுத்தும்போதும் சில்லு பெயர்வது அங்கேதான். ஆகவே நெம்பி எடுக்காமல், தங்கத்தை அறுத்துக் கல்லை விடுவிக்கச் சொல்லுங்கள். தங்கம் எப்படியும் உருகத்தான் போகிறது. அது நசுங்கினால் நஷ்டமில்லை.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் எடுத்த சந்திரகாந்தக் கல் ஒன்று இருக்கிறது. தினமும் போடும் மோதிரமாகச் செய்யலாமா?
— வாசகர், காங்கேயம்

பதில்: டாலராகவோ காதணியாகவோ செய்யுங்கள். சந்திரகாந்தத்தின் கடினம் மோஸ் அளவில் ஆறு முதல் ஆறரை. நம் தெருவில் பறக்கும் தூசியில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் ஏழு. மோதிரத்தைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் தூசியே அதைக் கீறும். ஓரிரு வருஷத்தில் அந்த நிலவொளி மங்கிவிடும். இரண்டு திசையில் எளிதில் பிளக்கும் இயல்பும் அதற்கு உண்டு. மோதிரம்தான் ஆசை என்றால் விசேஷ நாளுக்கு மட்டும் போடும் மோதிரமாக, உயரமான தகட்டுக்குள் அடங்கியிருக்கும்படி செய்யச் சொல்லுங்கள். கல் இன்னும் தீட்டாததாக இருந்தால், மேலே கவிந்த குமிழ் வடிவில், ஒளிக்கீற்று நடு உச்சியில் ஓடும்படி திசை பார்த்துத் தீட்டத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். முத்துக்கும் பவளத்துக்கும் கடினம் இதைவிடக் குறைவு. அவற்றை வியர்வை, எலுமிச்சை, சென்ட் எல்லாம் அரிக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: ஜோசியர் ஐந்து ரத்தி கல் போடச் சொன்னார். இணையத்தில் ஒருவர் அது மூன்று கேரட் என்கிறார், கடைக்காரர் நாலரை கேரட் என்கிறார். எது சரி?
— வாசகர், மதுரை

பதில்: இரண்டு பேரும் இரண்டு வேறு ரத்திகளைச் சொல்கிறார்கள். குன்றிமணி எடையை வைத்த பழைய ரத்தி சுமார் 121 மில்லிகிராம். அதன்படி ஐந்து ரத்தி மூன்று கேரட். ரத்தின வியாபாரத்தில் புழங்கும் ரத்தி சுமார் 182 மில்லிகிராம்; அதன்படி ஐந்து ரத்தி நாலரை கேரட்டுக்குச் சற்று மேல். எது வேண்டும் என்று ஜோசியரிடம் கேரட்டில் கேட்டுக்கொண்டு, கடையிலும் கேரட்டில் மட்டும் பேசுங்கள். ஒரு கேரட் 200 மில்லிகிராம். இதில் உலகம் முழுவதும் ஒரே கணக்கு. பதிக்கக் கொடுக்கும் ரசீதிலும் ரத்தியில் எழுத விடாதீர்கள். திரும்ப வாங்கும்போது எந்த ரத்தி என்று வழக்காடும் நிலை வேண்டாம்.

கேள்வி: நாங்கள் கொடுப்பது மூன்று தலைமுறையாகத் தெரிந்த பத்தரிடம். அவரிடம் போய் எடை, அளவு, படம், ரசீது என்று கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாரா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. பலரும் மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் விடுவது இதுதான்.

பத்தரின் பக்கத்திலிருந்து பாருங்கள். நீங்கள் கொடுக்கும் கல் அவர் பட்டறையில் பல கைகளுக்குப் போகிறது. கூடு செய்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர், கல் பதிப்பவர் ஒருவர். பதிப்பவர் பல நேரம் வேறு தெருவில் இருப்பார். எந்தக் கையிலாவது ஒரு சில்லு பெயர்ந்தால், அது வந்தபோதே இருந்ததா, இங்கே ஆனதா என்று பத்தருக்கே சொல்லத் தெரியாது. மூன்று தலைமுறை உறவில், “இது முன்னாடியே இருந்ததும்மா” என்று அவர் சொன்னால் நீங்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடுவீர்கள். ஆனால் மனதில் ஒரு முள் தங்கிவிடும். அடுத்த நகைக்கு வேறு பட்டறை தேடிப் போவீர்கள். ஏன் வருவதை நிறுத்தினீர்கள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. நல்ல பத்தர்கள் வாடிக்கையை இழப்பது பல நேரம் இப்படித்தான்.

கல்லைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் அவரிடம் சொல்லுங்கள். எங்கே வாங்கியது, சூடேற்றியதா, எண்ணெய் ஊட்டியதா, எங்கே விரிசல் என்று சொன்னால் அவர் எந்தக் கருவியை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்வார். மறைத்துக் கொடுத்தால் அவர் கண்ணைக் கட்டிவிட்டு வேலை வாங்குவதற்குச் சமம். ரசீதையும் அவர் எழுதட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே எழுதி இரண்டு பிரதியாக எடுத்துப் போங்கள். “உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, பிறகு யாருக்கும் குழப்பம் வேண்டாம் பாருங்கள்” என்று நீட்டினால் அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். கல்லை உங்கள் முன்னாலேயே தராசில் வைத்து, எடையைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுத் தருவார். தன் கைவேலையில் நம்பிக்கை உள்ள எவருக்கும் அந்தத் தாள் பாரமாக இருக்காது.